தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு நூல்

வெள்ளை ரப்பர் செருப்பு வந்தால் சிஸ்டர் ஜெனிட்டா. குதிகால் தேய்ந்த நீலச் செருப்பு, வார்டு துடைக்கிற அம்மா. மெட்டியும் பக்கவாட்டில் வெடித்த பாதமும் என்றால் பஞ்சவர்ணம், கட்டிய மனைவி, அவள் பாதம் வெடித்திருக்கிறது என்பதையே கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து இந்த ஆறு நாளில்தான் தனுஷ்கோடி பார்த்தார், ஒரு களிம்பு வாங்கித் தரவேண்டும், ஆனால் டாக்டர் பேசக்கூடாது என்றிருக்கிறார், நோட்டில் எழுதினால் இத்தனை வருஷம் கண்ணு எங்கே இருந்துச்சு என்று கேட்பாள், அதற்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம். மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், தலைமாட்டை உயர்த்திய கட்டிலில், அவருடைய தாடையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு தடித்த நூலால் தைத்துவைத்திருந்தார்கள். மூச்சுக்குழாயில் நான்கு சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் இழுத்து ஒன்றாகத் தைத்திருந்ததால் ஏழு நாள் தலை நிமிரக்கூடாது, நிமிர்ந்தால் உள்தையல் பிய்ந்துவிடும், தூக்கத்தில்கூட மறந்து நிமிர்ந்துவிடக்கூடாது என்பதற்காக இந்த வெளித்தையல். இன்று ஏழாம் நாள். டாக்டர் ஒன்பது மணிக்கு வந்து வெட்டிவிடுவார். இப்போது மணி என்ன என்று தெரியவில்லை, கடிகாரம் சுவரில் மேலே இருக்கிறது, மேலே என்று ஒரு திசை இருப்பதே அவருக்கு மறந்துகொண்டு வந்தது. ஜன்னல் வெயில் தரையில் மூன்றாவது கல்லைத் தொட்டால் எட்டு, நான்காவது கல்லின் கோட்டைத் தாண்டினால் ஒன்பது, இன்னும் இரண்டாவது கல்லிலேயே சோம்பிக் கிடந்தது. இருபத்தேழு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியார். நெஞ்சை விரி, தாடையைத் தூக்கு, பார்வை நேரா என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் தாடையை விரலால் தூக்கிவிட்டிருப்பார். கோயிலில் பூசாரி விபூதி வைக்க வந்தால் குனிய மாட்டார், பூசாரிதான் எக்கி வைக்கவேண்டும். தாலி கட்டும்போதுகூடக் குனியாமல் கையை மட்டும் கீழே இறக்கிக் கட்டியதில் இரண்டாவது முடிச்சில் பஞ்சவர்ணத்தின் முடியும் சேர்ந்து விழுந்து, அன்று முழுக்க அவள் ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள், போட்டோ ஒவ்வொன்றிலும் அப்படித்தான், புதுப்பெண்ணுக்கு என்ன வெட்கம் பாரு என்று எல்லோரும் சொன்னார்கள். வெட்கமாவது. அந்தக் கழுத்தைத்தான் இப்போது இரண்டு நூல் போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள், டாக்டரம்மாவின் உயரம் ஐந்தடிகூட இருக்காது.

நூல் இழுக்கிறது, இல்லை, நூல் இழுக்கவில்லை, நினைத்தால் இழுக்கிறது, நினைக்காமல் இருந்தால் தாடைக்குக் கீழே ஒரு அரிப்பு, சொறிய முடியாது, அரிப்பை நினைக்காமல் இருக்க மூச்சை நினைத்தார், மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. அதுதான் பழகவில்லை. மூன்று வருஷமாக அவர் மூச்சு விட்டால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், கழுத்தில் தொங்குகிற விசிலை வாயில் வைக்காமலேயே தொண்டைக்குள்ளிருந்து ஒரு விசில் வரும், ஒருநாள் பிரேயரில் அவர் சும்மா பெருமூச்சு விட்டதற்கு ஆறாம் வகுப்பு மொத்தமும் நேராக நின்றது. ஆஸ்துமா என்றார் ஒரு டாக்டர். ஆஸ்துமாதான் என்றார் இரண்டாமவர். உறிஞ்சுகிற மருந்து, ஆடாதொடைக் கஷாயம், தலையணை உறை மாற்று, கோழியைத் துரத்து, பஞ்சவர்ணம் ஆசையாக வளர்த்த இரண்டு கோழியையும் தங்கைக்குக் கொடுத்தாகிவிட்டது, பாவம் அந்தக் கோழிகள் ஒரு தப்பும் செய்யவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் சுத்தம் என்றார்கள், நுரையீரல் சுத்தம்தான், அதற்குப் போகிற பாதையில் ஒன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. சுதந்திர தின ஒத்திகையில் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம், அதற்குப் பிறகு ஸ்கேன், அதற்குப் பிறகு மூக்கு வழியாகக் கேமரா, டாக்டர் ஹெப்சிபா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வளையம் வளையமாக ஒரு குகை, அதன் ஒரு பக்கச் சுவரில் ஈரமாக, ரோஸ் நிறத்தில், நாவல்பழம் அளவுக்கு ஒன்று, முக்கால் வழியை அடைத்துக்கொண்டு. மிச்சக் கால் வழியில்தான் சார் நீங்க மூணு வருஷமா பிள்ளைங்களை ஓட விட்டிருக்கீங்க என்றார். கட்டியின் பெயர் நீளமாக இருந்தது, எழுதி வாங்கிக்கொண்டார். புற்றுதான், ஆனால் ரொம்ப அபூர்வம், என் பதினெட்டு வருஷ சர்வீஸில் நீங்க நாலாவது ஆள் என்று டாக்டர் சொன்னபோது பயத்துக்கு நடுவே ஒரு துளி பெருமை வந்தது உண்மை, மாவட்டத்தில் நான்காம் இடம் என்பதுபோல. அந்தத் துளியைப் பஞ்சவர்ணம் பார்த்துவிட்டாள், வெளியே வந்ததும், இதுல என்ன கப்பா குடுக்குறாங்க என்று கேட்டாள்.

வாய் வழியாகக் கேமராவை விட்டு லேசரில் சுரண்டியும் எடுக்கலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், ஆனால் அதன் வேர் சுவருக்குள் இருக்கிறது, திரும்ப முளைக்கும், வெட்டித் தைப்பதுதான் வழி என்றார் டாக்டர். தாளில் ஒரு குழாய் வரைந்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டார். அந்த இடத்தை வெட்டி எடுக்குறப்ப நான் எதுல மூச்சு விடுவேன் என்று தனுஷ்கோடி கேட்டார், அவர் வாழ்க்கையில் கேட்ட கேள்விகளிலேயே நியாயமான கேள்வி அது. கீழ்முனையில் தனியாக ஒரு டியூப் போட்டு மெஷினோடு சேர்த்துவிடுவோம், பின்பக்கம் தைத்து முடித்ததும் அதை எடுத்துவிட்டு மேலேயிருந்து வருகிற டியூபை உள்ளே இறக்கிவிடுவோம் என்றார் டாக்டர். தொடர் ஓட்டத்தில் குச்சி மாற்றுகிற மாதிரி. குச்சி மாற்றும்போதுதான் எல்லாப் பயல்களும் கீழே போடுவார்கள், அதை அவர் சொல்லவில்லை. நாலு சென்டிமீட்டர் குறைஞ்சா ரெண்டு முனையும் எப்படி எட்டும் என்றார். அதுக்குத்தான் தலையைக் குனிய வைக்கிறோம் என்றார் டாக்டர். குனியாம பண்ண முடியாதா. பண்ணலாமே, தையல் பிய்ஞ்சா பரவாயில்லைன்னா. கையெழுத்துப் போட்டார். வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், வெட்டின ஓரத்தில் கட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, அந்த ரிப்போர்ட்டும் இன்றுதான் வரும், அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து பதினோராவது தடவையாக நினைத்தார்.

நினைக்க வேறு விஷயமா இல்லை. நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு வந்தவை ஆஸ்பத்திரிக் கால்கள் இல்லை. தோல் செருப்பு, நகக்கண்ணில் கறுப்பு மசி, இடது பெருவிரல் நகம் முழுக்கக் கறுத்துச் சுருண்டு. லாரிச் சக்கரம் விழுந்த நகம் அது. பதினோரு வருஷம் கழித்தும் நகத்தை வைத்தே ஆள் தெரிந்துவிட்டது. கோட்டைச்சாமி, பஞ்சவர்ணத்தின் அண்ணன், மானாமதுரையில் டயர் கடை வைத்திருக்கிறவர். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கோட்டைச்சாமி மகன் கல்யாணத்துக்குப் பஞ்சவர்ணத்தை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் தனியாக நாலு புரோட்டா சாப்பிட்டுவிட்டு, அவள் வெளியே வரும்வரை பஸ் ஸ்டாப்பில் நிமிர்ந்து நின்றவர் தனுஷ்கோடி. அந்தக் கோட்டைச்சாமி கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். பஞ்சவர்ணம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். தையலைப் பார்த்து வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று அவள் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு மறைத்துவைத்திருந்தாள், ஆக, பார்க்கிறவருக்கு என்ன தெரியும், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதன். செருப்பு நகரவில்லை. மேலே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கோட்டைச்சாமியின் குரல், உடைந்த குரல். "போதும் மாப்ள. நீங்க ஒருத்தர் முன்னால தலை குனிஞ்சு நான் பார்த்ததில்ல. எம் முன்னால குனிஞ்சிட்டீங்க. எம் மனசுல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நடந்ததை நான் மன்னிச்சுட்டேன்." மன்னிக்கிறதா. யாரை யார். தனுஷ்கோடிக்கு உச்சந்தலை வரை சூடேறியது, நிமிர முடியாது, பேச முடியாது, இல்லை என்று தலையாட்டக்கூட முடியாது, இரண்டு கையையும் ஆட்டினார், கோட்டைச்சாமி அந்தக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையைப் பிடுங்கி, நோட்டை எடுத்து, இது தையல் என்று பெரிதாக எழுதிக் கிழித்து நீட்டினார். கோட்டைச்சாமி கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்ல போய்ப் படிச்சுக்கிறேன் மாப்ள, இப்பப் படிச்சா தாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கறுத்த நகம் கதவைத் தாண்டி மறைந்தது.

படித்திருப்பாரா. படித்தால் என்ன நினைப்பார், சிரிப்பாரா, கோபப்படுவாரா, அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வாரா, திரும்ப வாங்கிக்கொள்ளட்டும், கேட்டது யார். பந்து வெளியே விழுந்தது. மண்டலப் போட்டி, வாலிபால் இறுதி ஆட்டம், ஐந்தாவது செட், பதினாலுக்குப் பதிமூன்று, ஒரு பாயிண்ட் போனால் ஆட்டம் போயிற்று, மைத்துனன் மகன் இளவழகன் எகிறி அடித்தான், பந்து தூரத்து மூலையில் விழுந்தது. கோட்டில் கொடி பிடித்து நின்றவன் கொடியைத் தூக்கவில்லை, தாழ்த்தவுமில்லை, நடுவரைப் பார்த்தான். நடுவர் தனுஷ்கோடி. வெளியே என்றார். கோட்டைச்சாமி கூட்டத்திலிருந்து மைதானத்துக்குள் இறங்கி வந்து, எல்லாருக்கும் முன்னால், உம்ம கண்ணு அவிஞ்சா போச்சு என்றார். அவ்வளவுதான், பதினோரு வருஷம். வெளியேதான் விழுந்தது. தூள் கிளம்பியது, செம்மண் தூள், கோட்டில் பட்டிருந்தால் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகக் கிளம்பியிருக்கும், கிளம்பியது சிவப்பு, சிவப்பேதான், ஆனால் ஐந்து மணி வெயிலில் எல்லாத் தூளும் சிவப்பாகத்தான் தெரியும், வெள்ளைகூட. தொண்டையில் ஒரு கமறல் எழுந்தது. இருமல் வரப்போகிறது, வரக்கூடாது, இருமினால் பிய்யும், சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி விடுவதுபோல ஹா, ஹா, நெற்றியில் வேர்வை, தையல் இருக்கிறதா, இருக்கிறது, ஹா, கமறல் இறங்கியது. இறங்கிய இடத்தில் அந்தப் பந்து கிடந்தது. எங்கே விட்டோம், தூள். தூள் சிவப்பு. இல்லை. ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து ஏறுகிறபோது பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள், ஏழு வரை எண்ணிவிட்டு அவர் நினைத்தது மனைவியையோ சாமியையோ இல்லை, இந்தப் பந்தைத்தான், கழுத்தைத் திறக்கப்போகிறார்கள், திரும்ப எழுந்திருப்போமோ என்னவோ, இந்த நேரத்தில்கூடவா பொய் என்று ஒரு நினைப்பு வந்தது, அதற்குள் ஆறு வந்துவிட்டது. அவர் தூளைப் பார்க்கவே இல்லை. பந்து தரையைத் தொடுகிற அந்த நொடியில் அவர் பார்த்தது இளவழகனை, மச்சான் மகனுக்குப் பாயிண்ட் கொடுத்தான் என்று நாளைக்கு ஊர் பேசும் என்று நினைத்தார், அந்த நினைப்புக்குப் பிறகுதான் வாயிலிருந்த விசிலை ஊதினார். உள்ளே விழுந்திருந்தால். உள்ளேதான் விழுந்திருக்கும். பையன் அப்படி அடிக்கிறவன், அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

வெயில் மூன்றாவது கல்லுக்கு வந்தபோது பஞ்சவர்ணம் குழைத்த இட்லியைக் கரண்டியில் எடுத்து, குனிந்த வாய்க்குக் கீழேயிருந்து மேலாகக் கொண்டுவந்தாள். "எங்கண்ணன் காலையிலேயே பஸ் ஏறிட்டாராம். நேத்து வந்துட்டுப் போனவருக்கு இன்னைக்கு என்ன அவசரம்? நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுத்தீங்களா?" அவர் இட்லியைப் பார்த்தார். "நல்லதா எழுதினீங்களா, உங்க புத்தியக் காட்டிட்டீங்களா?" அவர் நோட்டை எடுத்து, இரண்டு வார்த்தைதான் என்று எழுதினார். "அது போதுமே உங்களுக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

தோல் செருப்பு வந்தது. கட்டிலுக்கு நேரே வரவில்லை, கதவோரத்து ஸ்டூலில் ஆள் உட்கார, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. கோட்டைச்சாமியின் மூச்சு மட்டும் கேட்டது, மூன்று மாடி ஏறி வந்த மூச்சு, மனிதருக்கு அறுபது இருக்குமே, லிஃப்டில் வரக்கூடாதா. தாளைப் படித்துவிட்டார் என்பது அந்த உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. சண்டைக்கு வந்திருந்தால் நேற்று மாதிரி நடுவில் வந்து நின்றிருப்பார். அதற்குள் டாக்டரின் பச்சைச் செருப்பு வந்துவிட்டது, பின்னாலேயே வெள்ளைச் செருப்பும் தட்டில் கத்தரிக்கோல் அசைகிற சத்தமும்.

"காலைல கேமரா விட்டுப் பார்த்தேன் சார், உள்தையல் அழகா ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர் ஹெப்சிபா. மூக்கு வழியே விட்டது, ஆறு மணிக்கு, அந்த அவஸ்தையை அவர் மனசு அதற்குள் எங்கேயோ தூக்கிப் போட்டிருந்தது. "ரிப்போர்ட் வந்துருச்சு. கட்டி முழுசா வெளிய வந்துருச்சு. மேல் ஓரம் சுத்தம். கீழ் ஓரத்துல, கட்டி வெட்டின இடத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்து நிக்குது. தொட்டுச்சுன்னும் சொல்ல முடியல, தொடலைன்னும் சொல்ல முடியல. இந்த வகைக் கட்டியில இது சகஜம். அதுக்காக ஆறு வாரம் கதிர்வீச்சு குடுத்துருவோம். அப்புறம் வருஷா வருஷம் பார்ப்போம்." பஞ்சவர்ணத்தின் வெடித்த பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "பயப்படுற மாதிரியாம்மா?" என்றாள். "பயப்படுற அளவுக்கு இல்லம்மா. விட்டுட்டு இருக்கிற அளவுக்கும் இல்ல." தனுஷ்கோடி அதைக் கேட்டுக்கொண்டார். கோட்டில் விழுந்த பந்து. இந்த டாக்டர் தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே சொல்கிறார், அவர் மரியாதை ஒன்றும் குறைந்துபோகவில்லை, ஐந்தடிப் பெண்பிள்ளை, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

துண்டு விலகியது. குளிர்ந்த இரும்பு தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நுழைந்தது. ஒரு நூல் அறுந்த சத்தம் மண்டைக்குள் கேட்டது, பிறகு இன்னொன்று. "படக்குன்னு நிமிர்ந்துடாதீங்க. ஒரு மாசத்துக்கு வானத்தைப் பார்க்கக்கூடாது. நேரா பார்க்கிற அளவுக்கு மெதுவா வந்தா போதும். எங்க, குரல் எப்படி இருக்குன்னு பார்ப்போம், ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஏழு நாளாக அவர் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ. களிம்பு, கோழி, காபிக்குச் சர்க்கரை. தலை நிமிரவில்லை, நிமிர்த்தப் பயமாக இருந்தது, கண்ணை மட்டும் உருட்டிக் கதவோரத்துச் செருப்பைத் தேடினார். கரகரவென்று, யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி, குரல் வந்தது.

"உள்ள."

"உள்ளயா?" டாக்டரின் பச்சைச் செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது. "உள்ள என்ன செய்யுது? வலியா? அடைக்குதா?"

"உள்ள" என்றார் மறுபடி. "பந்து. உள்ள."

"பந்தா?" டாக்டர் சிஸ்டரிடம் திரும்பினார். "காலைல என்ன மருந்து குடுத்தீங்க?"

ஸ்டூல் கிறீச்சிட்டது. தோல் செருப்பு நடந்து வந்தது, நேரே, கட்டில் வரை. "டாக்டர், அது எனக்குச் சொல்றாரு" என்றார் கோட்டைச்சாமி. பிறகு தனுஷ்கோடியிடம், "இல்ல மாப்ள. அது அவுட்டுதான்."

தனுஷ்கோடிக்குக் காது கேட்பதில் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

"எம் மவன் அன்னைக்கு ராத்திரி சோறு திங்கிறப்பயே சொல்லிட்டான். அப்பா, அது வெளியதான் போச்சு, அடிக்கும்போதே எனக்குத் தெரியும், மாமா சரியாத்தான் குடுத்தாருன்னு. நான் அதுக்குள்ள அத்தனை சனத்துக்கு முன்னால உங்க கண்ணு அவிஞ்சு போச்சுன்னு கத்திட்டு வந்துட்டேன். எந்த மூஞ்சியோட வந்து சொல்ல? நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டுட்டே இருந்ததுல கோவம் உங்க மேலன்னே ஆகிப்போச்சு. நேத்து மன்னிப்புக் கேக்கத்தான் மாப்ள வந்தேன். வந்து பார்த்தா நீங்க தலையக் குனிஞ்சு உக்காந்துருக்கீங்க. சரி, அவரே ஆரம்பிச்சுட்டாரேன்னு..." குரல் இறங்கியது. "எனக்கு அது வசதியாப் போச்சு. வீட்ல போயி கண்ணாடியப் போட்டு அந்தத் தாளைப் படிச்சேன். தூங்கல."

பதினோரு வருஷம். புரோட்டா. பஸ் ஸ்டாப். மயக்க ஊசி ஏறுகிறபோது ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே வந்த அந்தப் பந்து. அத்தனையும் சரியாக ஊதின விசிலுக்கா. இந்த மனிதரை நிமிர்ந்து ஒரு முறை முறைத்தால்தான் ஆறும், ஆனால் நிமிரக்கூடாது, மெதுவாக, ஒரு மாசத்துக்கு வானத்தைப் பார்க்கக்கூடாது, இவரோ ஆறடி. அதோடு, சரியாக ஊதினது யார். பார்க்காமல் ஊதினார், பந்து பாவம் தானாகப் போய் வெளியே விழுந்திருக்கிறது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது, ஒரு வார்த்தையில் அடங்கவில்லையே. "நான் பார்க்கல" என்றார் தனுஷ்கோடி.

"எதை?"

"பந்தை. பார்க்கவே இல்ல."

"பார்க்காமலா அவுட் குடுத்தீங்க?" கோட்டைச்சாமியின் குரல் ஒரு கணம் பழைய மைதானத்துக் குரலாக ஏறியது.

"அதான் உள்ளன்னு சொல்றேன்."

"அட, அது வெளியங்கிறேன்ல. அடிச்சவனே சொல்றான்."

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா" என்றார் டாக்டர் ஹெப்சிபா. "நான் கேட்டது ஒரு வார்த்தை. இவரு ஆட்டமே ஆடிட்டாரு. இன்னும் ரெண்டு நாளைக்குப் பேச்சுக் கிடையாது. தலையாட்டவும் கூடாது."

பச்சைச் செருப்பும் வெள்ளைச் செருப்பும் போயின. தோல் செருப்பு மட்டும் நின்றது. தனுஷ்கோடி கண்ணைக் கறுத்த நகத்திலேயே வைத்திருந்தார், முறைப்பதற்கு இப்போதைக்கு அது ஒன்றுதான் கைக்கு எட்டியது. அப்போது அந்தச் செருப்புக்கு மேலே வேட்டி மடிந்தது, முழங்கால் சொடக்கென்றது, இன்னொரு முழங்காலும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, கோட்டைச்சாமி தரையில் குந்தினார். குனிந்த தாடைக்குக் கீழே, பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அந்த முகம் மேலே பார்த்தபடி வந்து நின்றது. மீசை முழுக்க வெளுத்துவிட்டது. முன்பல் ஒன்றைக் காணோம். வலது கண்ணில் ஆபரேஷன் செய்த பளபளப்பு. இது எப்போது நடந்தது, யாரும் சொல்லவே இல்லையே, பஞ்சவர்ணம் சொல்லியிருப்பாள், இவர்தான் அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதே என்று எழுந்து போயிருப்பார். முறைப்பு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை. உதடு தானாக இழுத்துக்கொண்டு போயிற்று, சிரித்தால் தையல் வலிக்கும், வலித்தது, துண்டை எடுத்துக் கழுத்தில் அழுத்திக்கொண்டார்.

"சிரிக்காதீங்க மாப்ள" என்றார் கோட்டைச்சாமி. "வெட்டி ஒட்டுன டியூபை உடனே காத்தடிக்கக்கூடாது. நாங்க கடையிலயே அதைச் செய்ய மாட்டோம்."

"ஏண்ணே, எந்திரிங்க, முட்டி வலிக்கும்" என்றாள் பஞ்சவர்ணம்.

"எந்திரிக்க முடியாது போல இருக்கே" என்றார் கோட்டைச்சாமி. தனுஷ்கோடி தன்னை அறியாமல் கையை நீட்டினார். பஞ்சவர்ணம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க பாரம் இழுக்கக்கூடாது." அண்ணனின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். ஆள் அசையவில்லை. சிஸ்டரைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு வெடித்த பாதங்கள் வேகமாக வெளியே போயின. மைத்துனர்கள் இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஒருவர் நிமிர முடியாமல், ஒருவர் எழுந்திருக்க முடியாமல். பேச அனுமதி இருந்தவர் இளவழகனுக்குப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார்.